பிறகு இல்லாத மொழி

"வரிசை எண் ஒன்று, தட்டு இழுக்கப்பட்டது. வரிசை எண் இரண்டு, தீ. இதுல உங்களுக்கு என்னம்மா சந்தேகம்?" என்று விசாரணை அலுவலர் கனகசபாபதி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ஜெசிந்தாவும் மூன்றாவது முறையாக மூச்சை இழுத்துவிட்டாள். மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பட்டாசு ஆலைக் கண்காணிப்பு வாரியத்தின் இந்தக் கட்டடத்துக்குள் நுழைவதற்கே ஒரு சடங்கு இருந்தது. வாசலில் வாட்ச்மேன் பரமசிவம் ஒரு நோட்டை நீட்டினார். அவர் கழுத்தின் இடப்பக்கம் பழைய தீக்காயம் சுருங்கிக் கிடந்தது. அவள் பெயரை எழுதப் போனதும், "முதல்ல வரிசை எண் போட்ருங்க மேடம், இல்லாட்டி உள்ள கோச்சுக்கிடுவாக" என்றார் தயவாக. வாசலிலேயே இப்படியென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"சார், அந்த ரெண்டு எண்ணுக்கும் அர்த்தம் இல்லை" என்றாள்.

"அரசு அறிக்கையில அர்த்தம் இல்லாத எண் எப்படிம்மா வரும்?"

அறிக்கை ஒரு பக்கம்தான். ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு புஸ்வாணம் போடும் அறையில் தீப்பிடித்து சங்கரேஸ்வரி என்ற பெண் இறந்துபோனாள். பக்கத்து மேசையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த மாரிக்கனிக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அந்த அறையில் வேலை செய்த மற்ற இருவரும் காலிக் குழல் எடுக்க வெளியே போயிருந்ததால், நடந்ததைப் பார்த்த சாட்சி கூரையில் இருந்த கேமரா மட்டும்தான். மாரிக்கனி மருந்துத் தட்டைத் தரையில் உரசி இழுத்தாள், அதில் கிளம்பிய பொறியில் தீப்பிடித்தது என்று அந்தக் கேமராவின் அறிக்கையை வைத்து ஆலை சொன்னது. கனகசபாபதி ஆமென்று கையெழுத்துப் போட்டால், மாரிக்கனி மீது உயிர்ச்சேத வழக்கு.

"படத்தையே போட்டுப் பார்த்துட்டா தகராறே இல்லையே?" என்றார்.

"படத்தை நாங்க வெச்சுக்கறதில்லை சார். நாள் முழுக்கப் பொம்பளைங்களைப் படம் பிடிச்சு யார் பார்க்கப் போறீங்கன்னு தொழிலாளர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதனால கேமரா பார்த்ததை வார்த்தையா எழுதிட்டு, படத்தை அப்பவே அழிச்சிடும்."

"வார்த்தையா எழுதுறப்ப வரிசையாத்தானே எழுதும்?"

"இல்லை சார். அதைத்தான் காலையிலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்." குரல் உயர்வது அவளுக்கே கேட்டது. தணித்துக்கொண்டாள். "ஒரு ரூமைச் சுத்திப் பன்னெண்டு பேர் நிக்கறாங்கன்னு வைங்க. ஆளுக்கு ஒரு சன்னல். ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்க. எதையாவது பார்த்தா ஒரு சீட்டுல எழுதி நடுவுல இருக்கற கூடையில போடுவாங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை கூடை போயிடும். அந்தக் கூடையில ரெண்டு சீட்டு கிடக்கு. எது முதல்ல விழுந்ததுன்னு எப்படிச் சொல்வீங்க?"

கனகசபாபதி நிஜமாகவே யோசித்தார். "அடியில இருக்கறது முதல்ல விழுந்தது."

"கூடையைக் கவுத்துத்தான் எடுப்பாங்க சார்."

"ஏன் கவுக்கணும்?"

ஜெசிந்தாவுக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேசை கண்ணாடி போட்டது என்பதால் விட்டுவிட்டாள்.

"சீட்டுல நேரத்தை எழுதச் சொல்றதுதானே?" என்று அவரே அடுத்த கேள்வியையும் கேட்டார். அது நல்ல கேள்வி என்று அவள் எரிச்சலோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"பன்னெண்டு பேருக்கும் ஒரே கடிகாரம் இல்லை. ஒரே கடிகாரம்னா ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்கணும். காத்திருந்தா வேகம் போயிடும். தீயைக் கண்டதும் கண்ணிமைக்கறதுக்குள்ள தண்ணியைத் திறந்துவிடணும்னுதானே இதைக் கேட்டீங்க? அன்னைக்கும் திறந்துச்சு. இல்லேன்னா பக்கத்து நாலு அறையும் போயிருக்கும்."

அவள் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். கூட்டுக்கண் என்ற அந்தக் கணினி மொழியை எட்டுப் பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு படத்தைப் பன்னிரண்டு கட்டமாக வெட்டி, பன்னிரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்லும் மொழி. மற்ற மொழிகளில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று எழுதலாம். கூட்டுக்கண்ணில் 'பிறகு' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ஒரு 'பிறகு' வந்துவிட்டால் பதினோரு கட்டம் கைகட்டி நிற்க வேண்டும். அந்தச் சொல்லை எடுத்ததும் வேகம் ஒன்பது மடங்கு கூடியது. அன்று எல்லோரும் கேக் வெட்டினார்கள்.

"சரி, கண்ணுக்கு வரிசை தெரியாது. ஒத்துக்கறேன்" என்றார் கனகசபாபதி. "அப்ப இந்த ஒண்ணு, ரெண்டை யார் போட்டது?"

"அறிக்கையை அச்சடிக்கற புரோகிராம். எங்க கம்பெனியில யாராவது எழுதியிருப்பாங்க."

"அந்த யாராவது எதை வெச்சுப் போட்டாருன்னு சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்க. நான் இன்னைக்கு முடிச்சாகணும்."

வெளியே தாழ்வாரத்தில் நீள பெஞ்சு கிடந்தது. அதன் ஒரு முனையில் மாரிக்கனி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. மறுமுனையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நடுவில் ஆறு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

மாரிக்கனி ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூடியைப் பல்லால் திருக முயன்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தா போய்த் திறந்து பிடித்தாள். அவள் குடித்து முடித்து வாயைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கண்ணு செஞ்சவுக நீங்கதானாக்கா?"

"செஞ்சவங்கள்ல ஒருத்தி."

"நல்ல கண்ணுதான். வேலை நேரத்துல நான் வெத்தல போட்டாக்கூட அப்பவே சத்தம் போட்டுரும்." அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் ஜெசிந்தாவை என்னவோ செய்தது. "சங்கரேஸ்வரி மதினி மேசையில சுர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கேன், வெள்ளையா எரியுது. என் தட்டுல ஒரு கிலோ மருந்து கெடக்கு. அதுல பத்துனா கட்டடமே இருக்காது. அதனாலதான் இழுத்தேன். இழுத்துப் போட்டுட்டு மதினியத் தூக்கப் போனேன், முடியல."

"இதை உள்ளே சொன்னீங்களா?"

"மூணு தடவ சொல்லிட்டேன். அறிக்கையில வேற மாதிரி இருக்கேன்னு கேக்காக. நான் சொன்னா நம்புறதுக்கு எனக்கென்ன நம்பரா போட்ருக்கு?" கண்ணால் பெஞ்சின் மறுமுனையைக் காட்டினாள். "அவுகதான் எங்கண்ணன், கதிரேசன். மதினி வீட்டுக்காரு. அறிக்கையப் படிச்ச அன்னையிலருந்து எங்கூடப் பேசல. எம் பொண்டாட்டியக் கொன்னவ நீதான்னு தெருவுல வெச்சுச் சொல்லிட்டாக. கேசு வந்தா வந்துட்டுப் போகுது. இதத்தான் என்னால தாங்க முடியல."

கதிரேசன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஜெசிந்தா மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையைப் பிடித்து மடிக்கணினியைத் திறந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. அச்சடிக்கும் புரோகிராமைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் ஹரிஹரன் போனில் வந்தார்.

"ஜெசிந்தா, வரிசை சரியில்லைன்னு வாயைத் திறக்காதீங்க. கேமரா சரியா வேலை செஞ்சுது, அவ்வளவுதான் நம்ம பேச்சு."

"கேமரா சரிதான். அறிக்கைதான் தப்பு."

"ஆறு வருஷமா முந்நூறு ஆலைக்கு அதே அறிக்கைதான் போகுது. ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்புன்னு ஆயிடும். புரியுதா?"

"புரியுது சார். அதுதானே என் பயமும்."

"யாரோ ஒரு கத்துக்குட்டி எழுதினதுக்கு நாம ஏன் மாட்டிக்கணும்?"

"யார்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். அந்தக் கத்துக்குட்டி மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டே கோப்பைத் திறந்தாள்.

மொத்தம் ஒன்பது வரி. கூடையில் இருக்கும் சீட்டுகளைக் கட்ட எண்படி அடுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடு. அச்சடி. அவ்வளவுதான். இடப்பக்கம் இருப்பது முதலில், வலப்பக்கம் இருப்பது பின்னால். மாரிக்கனியின் மேசை மூன்றாவது கட்டம். சங்கரேஸ்வரியின் மேசை ஏழாவது கட்டம். மாரிக்கனி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பதைத் தவிர அந்த எண்ணில் வேறு எந்தச் செய்தியும் இல்லை.

மேலே ஒரு குறிப்பு இருந்தது: "வாரியம் கேட்ட வரிசை எண். சும்மா ஒரு எண், அர்த்தம் கிடையாது. ஜெ."

ஜெசிந்தா அந்த 'ஜெ'யையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வேறு 'ஜெ' யாரும் இல்லை என்று தெரிந்தும், இருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. வரிசை எண் பத்தி இல்லை என்று வாரியம் அறிக்கையை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தது. இந்த மொழியில் வரிசையே கிடையாது என்று அவள் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தாள். வரிசை எண் இல்லாத அறிக்கை கோப்பில் ஏறாது என்று இரண்டு பதில் வந்தது. கடைசியில், எண்தானே வேண்டும், இந்தா பிடி என்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட கடுப்பில் பத்து நிமிடத்தில் இந்த ஒன்பது வரியை எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். அர்த்தம் கிடையாது என்று எழுதத்தான் செய்தாள், அச்சில் வராத இடத்தில்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. புதிய பத்தி சேர்த்ததும் தாளில் இடம் போதவில்லை. யாரும் படிக்காத ஒரு பத்தியை எடுத்துவிட்டாள். எந்தப் பத்தி?

கையைப் பரபரப்பாக ஓட்டிப் பழைய வடிவத்தைத் திறந்தாள். வெளிச்சம். எடுத்தது வெளிச்சப் பத்தியை.

இரண்டரை மணிக்கு மாரிக்கனி, கதிரேசன், ஆலையின் வக்கீல் என்று எல்லோரும் மறுபடி உள்ளே உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா உட்காரவில்லை.

"எண்ணைப் போட்டது யாருன்னு கேட்டீங்க சார். நான்தான். இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமா எண்ணிப் போட்டேன். நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

கனகசபாபதி பேனாவை மூடிவைத்தார். "நீங்களா? ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"வரிசை எண் இல்லாம வாங்க மாட்டோம்னு நீங்கதான் சார் மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க."

"கேட்டா பொய்யா ஒரு எண்ணைப் போட்டுக் குடுத்துடறதா?"

அவர் கேட்டது சரி. அவள் இத்தனை வருடமாக இந்த அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருந்ததும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் ஒருத்தி வெந்த கையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா புதிதாக அச்சடித்த தாளை மேசையில் வைத்தாள். "சன்னல்ல நிக்கற ஒவ்வொருத்தரும் பார்க்கறதுக்கு முன்னாடி, வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு அளந்துக்குவாங்க. நாம வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கற மாதிரி. அந்த அளவையும் சீட்டுல எழுதிடுவாங்க. அறிக்கையில இடம் பத்தலைன்னு அந்தப் பத்தியை நான் எடுத்துட்டேன். கேமரா எழுதின மூலத்துல அப்படியே இருக்கு. அன்னைக்குக் காலையிலேர்ந்து மூணாம் கட்டத்துல வெளிச்சம் நாப்பது. இருநூறு சீட்டு இருக்கு, எல்லாமே நாப்பது, நாப்பத்தொண்ணு. இந்த ஒரு சீட்டைப் பாருங்க. தட்டை இழுக்க ஆரம்பிச்ச சீட்டு."

கனகசபாபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கிட்டே கொண்டுபோனார். "தொண்ணூத்தி மூணு."

"அந்த அம்மா தட்டுல கை வைக்கறப்பவே பக்கத்துல எரிஞ்சுட்டு இருந்துச்சு சார். அவங்க இழுத்ததால தீ வரலை. தீ வந்ததால இழுத்தாங்க."

ஆலையின் வக்கீல் எழுந்து, கருவிக்குப் பழுது இருக்கலாம் என்று ஏதோ ஆரம்பித்தார். "காலையில இதே கருவியைத்தானே கடவுள் மாதிரி சொன்னீங்க, உக்காருங்க" என்றார் கனகசபாபதி. முதல்முறையாக ஜெசிந்தாவுக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

மாரிக்கனிக்குத் தொண்ணூற்று மூன்று புரியவில்லை. கதிரேசனுக்குப் புரிந்திருந்தது. அவர் எழுந்து வந்து தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவள் வாயருகே பிடித்தார். அவள் குடிக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் போன பிறகு கனகசபாபதி அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். முன்னைவிட மெதுவாகப் பேசினார்.

"இந்த ஆறு வருஷத்துல இந்த வரிசை எண்ணை நம்பி நான் பதினாலு பேரைக் குத்தவாளின்னு எழுதியிருக்கேன்மா."

பதினாலு பேரும் எந்தக் கட்டத்தில் இருந்தார்கள் என்று அவள் பார்த்தாள். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. எல்லோருமே இடப்பக்கம் இருந்தவர்கள்.

"எல்லாரோட வெளிச்சத்தையும் பார்த்துடலாம் இல்லையா?" என்றார் அவர். கெஞ்சுவதுபோல் இருந்தது.

"மூலத்தை மூணு வருஷத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவு சார். அஞ்சு பேரோடது இருக்கும். ஒன்பது பேரோடது அழிஞ்சுபோச்சு."

அந்த ஒன்பது பேரின் பெயரை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அவளும் கேட்டாள். ஏழாவது பெயரைப் படித்ததும் அவர் நிறுத்திவிட்டு, சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

அவள் வெளியே வரும்போது மணி ஐந்து ஐம்பது. மதுரை பஸ் ஆறேகாலுக்கு. வாட்ச்மேன் பரமசிவம் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"அந்தப் பிள்ள மேல தப்பில்லைன்னு ஆயிருச்சாமே மேடம். அழுதுக்கிட்டே போச்சு. அண்ணங்காரன் வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போனான். நல்ல காரியம்." பேனாவை எடுத்துக் கொடுத்தார். "எனக்கும் அப்படி ஒரு கேசு இருந்துச்சு. அஞ்சு வருசமாச்சு. நான் போர்மேனா இருந்தேன். தீப்பிடிச்சதும் உள்ள வேல பாத்தவரு வெளிய ஓடியாந்துட்டாரு. அதுக்குப் பொறவுதான் நான் கதவச் சாத்துனேன், பக்கத்து அறைக்குத் தீ போயிரக் கூடாதுன்னு. அவரு ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் இறந்தாரு. ஆனா அறிக்கையில கதவு ஒண்ணாம் நம்பரு, அவரு ஓடுனது ரெண்டாம் நம்பரு. ஆள உள்ள வெச்சுச் சாத்திட்டான்னு ஆயிப்போச்சு. ரெண்டு வருசம் உள்ள இருந்தேன். இந்த அய்யாதான் பாவம்னு இங்க ஒரு வேல போட்டுக் குடுத்தாக."

கேமராவின் பார்வையில் கதவு எப்போதும் இடது ஓரத்தில்தான் இருக்கும். அது முதல் கட்டம்.

"என்னோடதயும் கொஞ்சம் பாத்துச் சொல்றீகளா மேடம்? இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எம் மகன் தெரிஞ்சுக்கிடட்டும்னுதான்."

அவளுக்கு இந்த உலகத்தில் உள்ள எல்லாப் படிவத்தையும் கிழிக்க வேண்டும் போலிருந்தது. கிழிக்க வேண்டிய முதல் தாளை எழுதியவளே அவள்தான்.

"உங்களோடது அழிஞ்சுபோச்சுங்க" என்றாள். "அந்த நம்பரைப் போட்டதும் நான்தான். தப்பா போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு."

பரமசிவம் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"வெளிய போற நேரத்த எழுதலையே மேடம்" என்றார்.

"நான் இன்னும் கிளம்பலை" என்று சொல்லிவிட்டு, அவர் அருகில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு போடாத ஒரு தாளில் பேனாவை வைத்தாள். "முதல்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க. அதுக்குப் பிறகு என்ன, அதுக்குப் பிறகு என்னன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க. நான் எழுதி என் பேரைப் போட்டுத் தர்றேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஆறேகால் பஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.